பதினைந்து மீட்டர் சுவர், ஐந்து கலைஞர்கள்: டெல்லி கலைச்சந்தைக்குப் போகும் சென்னை அரங்கு

2008-இல் டெல்லி பிரகதி மைதானத்தில் ‘இந்தியா ஆர்ட் சம்மிட்’ என்று தொடங்கிய கலைச்சந்தை, 2012-இல் ‘இந்தியா ஆர்ட் ஃபேர்’ ஆகி ஓக்லாவில் உள்ள என்எஸ்ஐசி மைதானத்துக்கு இடம் மாறியது. வழக்கமாகப் பிப்ரவரி முதல் வாரத்தை ஒட்டி, வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நடக்கிறது. 2025-இல் 120 அரங்குகள். கட்டடம் கிடையாது. பெரிய கூடாரங்கள், அவற்றுக்குள் பலகைச் சுவர்கள், வெள்ளை பெயின்ட், விளக்குகள். நான்கு நாளில் முடிந்து, ஐந்தாம் நாள் வெறும் மைதானம்.

இங்கே ஆராய்வது, அந்த மைதானத்துக்குச் சென்னையிலிருந்து ஐந்து கலைஞர்களின் படைப்புகளை எடுத்துச் செல்லும் ஒரு நடுத்தர கேலரியின் அரங்கு. அளவுகளும் தொகைகளும் கணக்கைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்ட மாதிரி. சந்தை, சாலை, சட்டம் பற்றியவை நடப்பில் உள்ளவை. ஒரே கலைஞரைக் காட்டும் அரங்கில் தவறு நடந்தால் அது ஒருவருடைய தவறு. ஐந்து பேர் அரங்கில் ஒருவருக்காகச் செய்த தவறுக்கு மற்ற நால்வரும் விலை கொடுக்கிறார்கள். அந்த விலை எங்கே, எப்போது நிர்ணயமாகிறது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. பெரும்பாலும் டெல்லியில் அல்ல; டிசம்பர் மாதத்திலேயே, சென்னையில் ஒரு மேசை மீது.

சுவர்க் கணக்கு

அமைப்பாளர்கள் இடத்தைச் சதுர மீட்டரில் விற்கிறார்கள். ஓவியம் தரையில் தொங்குவதில்லை. கேலரி கணக்குப் போட வேண்டியது சுவரின் நீளத்தை. 6 × 5 மீட்டர் அரங்கு, அதாவது 30 சதுர மீட்டர். முன்பக்கம் ஆறு மீட்டரும் நடைபாதைக்குத் திறந்திருக்கிறது. மீதி மூன்று சுவர்கள்: 5 + 6 + 5 = 16 மீட்டர்.

இதில் ஒரு சேமிப்பறை எடுக்க வேண்டும். இது இல்லாமல் போகிறவர்கள் முதல் நாள் மாலைக்குள் வருந்துவார்கள். பின் இடது மூலையில் ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் போதும். இதனால் பின்சுவரில் 1.5, இடது சுவரில் 1 மீட்டர் போகும். கதவை நடைபாதையிலிருந்து தெரியாத பக்கவாட்டு முகத்தில் வைத்தால், அறையின் முன்முகம் 1.5 மீட்டர் சுவராகத் திரும்பக் கிடைக்கும். இடது 4, பின் 4.5, வலது 5, அறை முகம் 1.5: மொத்தம் 15. ஓர் அறையையே பெற்று, ஒரு மீட்டர்தான் இழந்திருக்கிறோம். கதவை முன்முகத்தில் வைத்தால் அந்தக் கணக்கு கெடும். போதாததற்குத் திறந்த கதவு வழியே குமிழ்த்தாளும் சாப்பாட்டுப் பொட்டலமும் எல்லோருக்கும் தெரியும்.

15 மீட்டரில் பாதியைத்தான் படைப்புகள் நிரப்ப வேண்டும். 7.5 மீட்டரை ஐந்தால் வகுத்தால், ஆளுக்கு ஒன்றரை மீட்டர். கலைஞர்களோடு பேசும்போது இந்த எண்ணை முதலில் சொல்லிவிடுவது நல்லது. ‘மூணு கேன்வாஸ் அனுப்பறேன், நீங்க பாத்து மாட்டுங்க’ என்று வருகிற பேச்சுக்கு அதுதான் பதில். சம பங்கு கட்டாயமில்லை. யாருக்கு ஏன் கூடுகிறது என்பது மற்றவர்களுக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.

மாதிரி அரங்கின் பங்கீடு இப்படி. பின்சுவரில் 180 செ.மீ. உயரம், 240 அகலத்தில் ஒரே ஒரு எண்ணெய் வண்ண கேன்வாஸ். நடைபாதையில் போகிறவரை நிறுத்துவது அதன் வேலை; அது விற்காவிட்டாலும் வேலையைச் செய்துவிடும். இடது சுவரின் முன்பகுதியில், சட்டமிட்ட ஒன்பது காகிதப் படைப்புகள், மூன்றுக்கு மூன்று கட்டமாக. சட்டம் ஒவ்வொன்றும் 45 செ.மீ. அகலம், இடைவெளி 5: மொத்த அகலம் 145. வலது சுவரின் முன்பகுதியில் 75 செ.மீ. அகலப் புகைப்படங்கள் இரண்டு. அதே சுவரின் உட்பகுதியில் ஒன்றரை மீட்டர் அகலத் துணிப் படைப்பு. அறையின் முன்முகத்தில் 60 செ.மீ. சுவர்ச் சிற்பம்; அதே கலைஞரின் வெண்கலங்கள் இரண்டு, அந்த முகமும் இடது சுவரும் சேரும் மூலையில் பீடங்கள் மேல். கூட்டினால் 7.45 மீட்டர்.

வரிசைக்குக் காரணம் அழகு மட்டும் அல்ல. துணியை நடைபாதை ஓரத்தில் தொங்கவிட்டால் வருகிறவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள். நம் ஊரில் துணி என்றாலே விரலிடுக்கில் பிடித்துப் பார்க்கும் பழக்கம். பலகை வைத்தாலும் நிற்காது. கண்ணாடிச் சட்டம் போட்டவை வெளியே, திறந்த பரப்புகள் உள்ளே. சிற்பத்துக்கும் இதே நியாயம். 2023 பிப்ரவரியில் மயாமியின் ‘ஆர்ட் வின்வுட்’ சந்தையில், அழைக்கப்பட்டவர்களுக்கான முன்னோட்ட மாலையன்றே ஜெஃப் கூன்ஸின் நீலப் பீங்கான் பலூன் நாய் ஒன்று பீடத்திலிருந்து விழுந்து நொறுங்கியது. 42,000 டாலர் விலை. 799 பிரதிகளில் ஒன்று. 2020-இல் மெக்சிகோ நகரின் ‘சோனா மாக்கோ’ சந்தையில் கேப்ரியல் ரிக்கோவின் கண்ணாடிப் படைப்பு உடைந்ததற்குக் காரணம், விமர்சகர் ஒருவர் அதன் மேல் காலிக் குளிர்பான டின்னை வைக்கப்போனது. உடைப்பவர் எப்போதும் குழந்தையாகவோ குடிகாரராகவோ இருப்பதில்லை.

எனவே பீடம் 45 × 45 × 90 செ.மீ. என்றால் உள்ளே இரண்டு மணல் மூட்டை. வெண்கலத்தின் அடியில் துளை இருந்தால் பீடத்தோடு திருகு. இல்லாவிட்டால் பொருளை நகராமல் ஒட்டிப் பிடிக்கும் அருங்காட்சியக மெழுகு. பீடத்துக்கு முன்னே ஆள் நடக்க 120 செ.மீ. பேச்சு மேசையும் இரண்டு நாற்காலிகளும் சேமிப்பறைக் கதவின் பக்கம். பெரிய கேன்வாஸின் நேரெதிரே போட்டால், வாங்க வந்தவரின் முதுகுதான் அந்தப் படைப்பின் முன்காட்சியாக இருக்கும்.

ஒருவர் மற்றவர்களை விழுங்கும்போது

பலர் அரங்கின் தனி நோய் இது. அறியப்பட்ட உதாரணம் 2019 டிசம்பர், ஆர்ட் பேசல் மயாமி பீச். பெரோட்டின் கேலரி சுவரில் மௌரிசியோ கட்டெலான் ஒரு வாழைப்பழத்தை டேப்பால் ஒட்டினார். ‘காமெடியன்’ என்று பெயர். மூன்று பிரதிகள், கூடுதலாகக் கலைஞரின் சொந்தப் பிரதிகள் இரண்டு. முதல் இரண்டும் தலா 1,20,000 டாலருக்குப் போயின. சனிக்கிழமை டேவிட் டாட்டூனா என்ற நிகழ்த்துகலைஞர் பழத்தை உரித்துத் தின்றார். வேறு பழம் ஒட்டினார்கள். சான்றிதழே படைப்பு என்பதால் அது பிரச்சினையே இல்லை. பிரச்சினை கூட்டம். கடைசி நாளான ஞாயிறு காலை கேலரியே அதை இறக்கிவிட்டது. சுற்றியுள்ள படைப்புகளுக்கும் பக்கத்து அரங்குகளுக்கும் ஆபத்து என்பது அவர்கள் சொன்ன காரணம்.

உலகமே பேசிய விற்பனையைப் பாதியில் நிறுத்தவேண்டி வந்ததைத் தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அரங்கில் வேறு யாருடைய படைப்புகள் இருந்தன என்று இன்று கேட்டால் பதில் சொல்பவர் அரிது. பெரிய கேலரிக்கு அது தாங்கும். ஐந்து இளம் கலைஞர்களோடு போகிறவருக்குத் தாங்காது.

சென்னைக்காரர்களிடம் இந்த நோய் வேறு உருவில் வருகிறது. அரங்கு வாடகையை மீட்டுவிடலாம் என்ற எண்ணத்தில், மறைந்த முன்னோடி ஓவியர்களான கே.சி.எஸ். பணிக்கர், ஆதிமூலம் ஆகியோரின் ஓவியம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு போவது. பணிக்கர் நிறுவிய கலைஞர் கிராமமான சோழமண்டலம் 1966-இல் தொடங்கிய கதையைக் கேட்க ஆள் வருவார்கள், நிற்பார்கள், பேசுவார்கள். பேச்சு முழுக்க அந்த ஒரு ஓவியத்தைச் சுற்றியே நடக்கும். பக்கத்தில் இரண்டு லட்சத்துக்கு இருக்கும் இளையவரின் விலை திடீரென்று ‘மலிவு’ ஆகும். படைப்பு ‘பக்கத்தில் இருந்த ஒன்று’ ஆகும். முன்னோடிகளை எடுத்துச் செல்வதானால் அவர்களுக்கென்று தனி அரங்கும் தக்க ஆவணங்களும் வேண்டும். கலந்து வைப்பது இருவருக்கும் மரியாதை அல்ல.

பெட்டி, லாரி, பொங்கல், குடியரசு தினம்

சென்னை–டெல்லி சாலைவழி சுமார் 2,200 கி.மீ.; லாரிக்கு நான்கைந்து நாள். தூரத்தைவிட நாட்காட்டிதான் ஆளைக் கவிழ்க்கிறது. ஜனவரி நடுவில் பொங்கல்: தச்சர் ஊருக்குப் போவார், ஓட்டுநர் ஊருக்குப் போவார், ஒரு வாரம் எதுவும் நகராது. பொங்கல் முடிந்து 20-ஆம் தேதி வாக்கில் லாரியை அனுப்பினால், அது டெல்லி எல்லையைத் தொடும் நேரம் குடியரசு தினம். ஒத்திகைக்கும் அணிவகுப்புக்கும் சரக்கு வண்டிகளை நகருக்குள் விடமாட்டார்கள். இது போதாதென்று குளிர்காலக் காற்று மாசு: அதற்கான படிநிலைக் கட்டுப்பாட்டின் நான்காம் நிலை அமலுக்கு வந்தால் பழைய டீசல் லாரிகளுக்கு நுழைவு இல்லை. வண்டி பேசும்போதே பிஎஸ்-6 (புதிய புகை விதிப்படி செய்த) வண்டிதானா என்று கேட்டு, பதிவெண்ணை வாங்கிச் சரிபார்த்துவிட வேண்டும்.

இரண்டு வழிகள் உள்ளன. 24-ஆம் தேதிக்கு மேல் அனுப்பி 28, 29-இல் சேர்ப்பது ஒன்று. அல்லது பொங்கலுக்கு முன்பே, 10-ஆம் தேதிக்குள் பெட்டிகளை மூடி அனுப்பி, டெல்லியில் போக்குவரத்து நிறுவனத்தின் கிடங்கில் இரண்டு வாரம் வைப்பது. கிடங்கு வாடகை கூடுதல். ஆனாலும் இரண்டாவதே சிறந்தது. காரணம் வெறும் பாதுகாப்பு அல்ல. சென்னையின் ஈரக் காற்றில் ஆண்டு முழுக்க ஊறிய காகிதமும் துணியும் மரச் சட்டமும் டெல்லியின் வறண்ட குளிருக்குள் நேராகத் திறந்தால் சுருங்கும். காகிதம் சட்டத்துக்குள் அலைபாயும். சட்டத்தின் மூலை இணைப்பு மயிரிழை விலகும். பெட்டியைத் திறக்காமல் ஒரு நாளாவது வைக்க வேண்டும் என்பது விதி. அரங்கு அமைக்கத் தருவதோ ஓரிரு நாள். அங்கே விதியைக் காப்பாற்ற நேரமே இருக்காது. கிடங்கில் மூடிய பெட்டிக்குள் இரண்டு வாரம் இருந்தால் பொருள் மெதுவாகப் பழகிக்கொள்ளும்.

பெட்டிக்குள் நடக்கும் தவறுகளில் அடிக்கடி வருவது ஒன்றுதான்: காயாத எண்ணெய் வண்ணம். கலைஞர் டிசம்பர் கடைசியில் முடித்த கேன்வாஸ் தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும். தடித்த பூச்சின் உள்ளே இளகியிருக்கும். அதன் மேல் குமிழ்த்தாளைச் சுற்றி ஐந்து நாள் லாரியில் அனுப்பினால், டெல்லியில் பிரிக்கும்போது வானத்திலும் முகத்திலும் வட்ட வட்டமாக அச்சு. அதைச் சரிசெய்ய வழியில்லை. எண்ணெய் வண்ணம் நவம்பர் முதல் வாரத்துக்குள் முடிய வேண்டும். தடித்த பூச்சானால் அதற்கும் முன்னே. முடியாவிட்டால் முகத்தில் எதுவும் படாத உட்சட்டப் பெட்டி, அதாவது கேன்வாஸின் பின்புறச் சட்டத்தைப் பெட்டியோடு திருகி, முன்புறம் காற்று மட்டுமே இருக்கும் அமைப்பு. காய்ந்த படைப்புக்கும் முதல் சுற்று ‘கிளாஸின்’ (glassine) எனப்படும் வழவழப்பான தாள். அதற்கு மேல்தான் குமிழ்த்தாள், குமிழ் வெளிப்பக்கம் பார்த்து.

கண்ணாடிச் சட்டங்களின் முகத்தில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்ட வேண்டும். உடைந்தால் சில்லுகள் காகிதத்தைக் கிழிக்காது. கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் பிளாஸ்டிக் போட்ட சட்டத்தில் ஒட்டவே கூடாது; பசை தங்கிவிடும். துணியை மடிக்காமல், அமிலமற்ற தாள் சுற்றிய உருளையில், முகம் வெளியே இருக்கும்படி சுருட்ட வேண்டும். உருளை விட்டம் 10 செ.மீ.க்குக் குறைந்தால் தையல் வேலை நெளியும்.

240 செ.மீ. கேன்வாஸின் பெட்டி, 12 மி.மீ. பிளைவுட், மெத்தை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 260 × 200 × 20 ஆகிவிடும். பெட்டி செய்யும் முன்பு அளக்க வேண்டியவை: கேலரியின் சொந்தக் கதவு, படிக்கட்டுத் திருப்பம், லாரியின் உள் உயரம். ஆணி அல்ல, திருகு. மூடியிலும் உடலிலும் ஒரே எண். பெட்டியைத் திறந்தவர்களே திரும்ப மூடுவார்கள் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. எதை எப்படி அடுக்கியது என்ற புகைப்படம் மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்தால் ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு அதன் அருமை தெரியும்.

சலான், வரி, விலை

ஐந்து கலைஞர்கள் என்றால் ஐந்து ஒப்பந்தங்கள். காப்பீட்டுத் தொகை பட்டியல் விலைக்கா, கலைஞரின் பங்குக்கா என்பது ஒவ்வொன்றிலும் எழுதியிருக்க வேண்டும். விலையில் சலுகை தந்தால் அது யார் பங்கில் கழியும் என்பதும்.

விற்பனைக்காகக் கலைஞர் கேலரிக்கு அனுப்புவது அந்தக் கட்டத்தில் ‘சப்ளை’ (ஜிஎஸ்டி வரிக்கு உரிய வழங்கல்) ஆகாது. வாங்குபவர் தேர்ந்தெடுக்கும்போதுதான் ஆகும் என்று மறைமுக வரி வாரியத்தின் 22/22/2017 சுற்றறிக்கை சொல்கிறது. அதன்படி, படைப்புகள் டெலிவரி சலானோடும் (சரக்கோடு போகும் விவரச் சீட்டு) ஈ-வே பில்லோடும் (சரக்குப் போக்குவரத்துக்கான மின்னணுச் சீட்டு) வெளிமாநிலம் போகலாம், விற்கும்போது இன்வாய்ஸ். சென்னைப் பதிவு உள்ள கேலரி டெல்லியில் விற்றால் அது மாநிலங்களுக்கிடையேயான விற்பனை; அதற்குரிய ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி. சலானில் ஒவ்வொரு படைப்புக்கும் தனிப் பதிவு: கலைஞர் பெயர், தலைப்பு, அளவு, ஊடகம், மதிப்பு. ‘ஓவியங்கள் – 14’ என்று ஒரே வரியில் எழுதிய சலானோடு சோதனைச் சாவடியில் நிற்பதும், திரும்பி வரும்போது எது விற்றது எது விற்கவில்லை என்று நிரூபிப்பதும் சுகமான அனுபவம் அல்ல. ஈ-வே பில்லின் ஆயுள் 200 கி.மீ.க்கு ஒரு நாள், 2,200 கி.மீ.க்கு 11 நாள். லாரி எல்லையில் நின்றால் முடிவு நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னோ பின்னோ நீட்டிக்கலாம். அதற்குப் பொறுப்பு யார் என்று ஒருவர் பெயர் சொல்லியிருக்க வேண்டும்.

ஓவியம், சிற்பம் ஆகியவற்றின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. நான்கு லட்சம் ரூபாய்ப் படைப்பு முன்பு 4,48,000, இப்போது 4,20,000. வாய்மொழியாக விலை சொல்லும்போது ‘பிளஸ் ஜிஎஸ்டி’ என்று சொல்லாமல் விடுகிற ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 19,000 கேலரியின் பையிலிருந்து போகும். புகைப்படப் பிரின்ட் வரிப் பட்டியலின் ஓவியத் தலைப்பில் வராது. துணிப் படைப்பு எந்தத் தலைப்பு என்பது வாதத்துக்கு உரியது. இரண்டையும் கணக்காளரிடம் டிசம்பரிலேயே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். ஓர் ஓவியத்தின் விலை பத்து லட்சத்தைத் தாண்டினால், 2025 ஏப்ரல் 22 முதல் ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் வாங்குபவரிடம் வசூலித்துக் கட்டும் வருமான வரி). தாண்டிய பகுதிக்கு மட்டும் அல்ல, முழுத் தொகைக்கும். வாங்குபவரின் பான் எண் வேண்டும். ‘பாதியை ரொக்கமாகத் தரட்டுமா’ என்பவரிடம், இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டம் விடாது என்று புன்னகையோடு சொல்லலாம்.

இப்போது இடம், போக்குவரத்து, பெட்டி, தங்கல் எல்லாம் சேர்ந்து செலவு 24 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பங்கு கேலரிக்கு என்றால் 48 லட்சத்துக்கு விற்றால் கைக்கடி இல்லை என்று தோன்றும். கலைச்சந்தையில் பட்டியல் விலைக்கு வாங்குபவர் அபூர்வம். பத்து சதவீதச் சலுகையை இருவரும் பகிர்ந்தால் கேலரிக்கு வருவது பட்டியல் விலையில் 45 சதவீதம்; தேவையான விற்பனை 53.3 லட்சம். முழுச் சலுகையையும் கேலரியே சுமந்தால் வருவது 40 சதவீதம். தேவை 60 லட்சம். ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் விடுபட்டதற்கு இவ்வளவு வித்தியாசம். அரங்கில் உள்ள எல்லாப் படைப்புகளின் மொத்த விலை 60 லட்சத்தைத் தொடவே இல்லை என்றால் டிசம்பரிலேயே ஒரு முடிவு எடுக்க வேண்டும்: சேமிப்பறையில் இரண்டாம் சுற்றுப் படைப்புகள் இருக்க வேண்டும், இல்லையென்றால் இதை விளம்பரச் செலவு என்று நேர்மையாக எழுதிக்கொள்ள வேண்டும்.

சந்தைக்கென்று விலையை ஏற்றக் கூடாது. சென்னையில் மூன்று லட்சத்துக்கு வாங்கியவருக்கு டெல்லி விலை அன்றே வாட்ஸ்அப்பில் வந்துவிடும்.

நான்கு நாள்

மாட்டும் நாளில் முதல் வேலை வண்ணம் அல்ல, சுவரைத் தட்டிப் பார்ப்பது. பலகைக்குப் பின்னே மரச்சட்டம் ஓடும் இடம் எது, வெறும் பலகை எது என்று பென்சிலில் குறித்துக்கொண்டு, பெரிய கேன்வாஸை மரம் உள்ள இடத்தில் இரட்டைச் சாய்பட்டையில் (சுவரில் ஒன்று, கேன்வாஸின் பின்னே ஒன்று, ஒன்றில் ஒன்று மாட்டும்) தொங்கவிட வேண்டும். நடுப்புள்ளி உயரம் 150 செ.மீ., எல்லாருக்கும் ஒன்றே. ஒன்பது கட்டத்துக்கு முழு அளவுத் தாளில் ஆணி இடங்களைச் சென்னையிலேயே துளையிட்டுக் கொண்டுபோனால் மூன்று மணி நேர வேலை நாற்பது நிமிடம். விளக்குக்காரர் எல்லா அரங்குக்கும் ஒருவர்தான். ஏணி வரும்போது படைப்புகள் சுவரில் இருந்தாக வேண்டும். கண்ணாடிச் சட்டத்தில் எதிர் அரங்கின் விளக்கு பளிச்சென்று தெரிந்தால் சட்டத்தின் மேல்முனைக்குப் பின்னே ஒரு சிறு தக்கை: சட்டம் முன்னே சாய்ந்து பிரதிபலிப்பு தரைக்குப் போகும்.

பணியாளர் மூவர். அவர்கள் ஐவரைப் பற்றியும் பேச வேண்டும் என்றால், எளிதாக விற்பவரைப் பற்றியே பேசுவார்கள். அது மனித இயல்பு. ஒவ்வொரு கலைஞருக்கும் இரண்டு வாக்கியம் எழுதி, மூவரும் அதையே சொல்வது மேல். வாக்கியத்தில் ‘ஆழம்’, ‘தேடல்’ வேண்டாம். என்ன பொருள், எப்படிச் செய்தது, ஏன் என்பது போதும்.

‘ஹோல்ட்’, அதாவது வேறு யாருக்கும் விற்காமல் எடுத்துவைக்கச் சொல்லிக் கேட்பவருக்கு இரண்டு மணி நேரம். பெயரும் முடியும் நேரமும் ஒரே ஒரு நோட்டில். அழைக்கப்பட்டவர்களுக்கான நாளில் வாய்மொழியாகக் கொடுத்த மூன்று ஹோல்ட்கள் ஞாயிறு வரை தொங்கினால், வாங்கத் தயாராக வந்த நான்காமவர் போய்விட்டிருப்பார். புகைப்படம் ஐந்து பிரதிகள் என்றால், டெல்லியில் விற்கும் அதே மணியில் சென்னையிலும் மூன்றாம் பிரதி விற்றுவிடக்கூடும். சந்தை நாட்களில் பிரதி எண் ஒதுக்கும் உரிமை டெல்லி நோட்டுக்கு மட்டும்.

விற்ற படைப்பைச் சுவரிலிருந்து எடுப்பதா, சிவப்புப் பொட்டோடு விடுவதா? ஒருவர் அரங்கில் விட்டுவிடலாம். ஐவர் அரங்கில் வெள்ளிக்கிழமை இரவு எடுத்து, அந்த இடத்தில் இதுவரை எதுவும் விற்காத கலைஞரின் இரண்டாம் படைப்பை ஏற்றுவதே நியாயம். அதற்குத்தான் சேமிப்பறை.

ஞாயிறு இரவு

மூடியதும் எல்லா அரங்கும் ஒரே நேரத்தில் காலிப் பெட்டி கேட்கும். வரிசை நீளம். அந்த நேரத்தில் சுவர் வரிசையில் அல்ல, பெட்டி எண் வரிசையில் இறக்க வேண்டும். ஒவ்வொரு படைப்பும் எந்த நிலையில் இருக்கிறது என்று புறப்படும் முன் எழுதிய நிலை அறிக்கையை இரண்டாவது முறை எழுதுவது இப்போதுதான்: கேன்வாஸ் மூலை, சட்டத்தின் இணைப்பு, துணியின் மேல் விளிம்பு, வெண்கலத்தில் கைரேகை. வெறுங்கையால் தொட்ட வெண்கலத்தை அன்றே துடைக்காவிட்டால் வியர்வை உப்பு பச்சையாகக் கிளம்பும்.

பணம் வராத படைப்பு அரங்கை விட்டு வாங்குபவர் வீட்டுக்குப் போகக் கூடாது. அது சென்னைக்கே திரும்பும். திரும்பும் சலானில் முதல் சலானின் எண்ணைக் குறிப்பிட வேண்டும். ஒப்புதலின் பேரில் அனுப்பிய சரக்கு ஆறு மாதத்துக்குள் விற்றாக வேண்டும் அல்லது திரும்பியாக வேண்டும். இல்லாவிட்டால் விற்றதாகவே கருதி வரி கேட்பார்கள். ஜனவரி 10-இல் புறப்பட்ட பெட்டிக்கு அந்த நாள் ஜூலை 10. இந்த விதியை மீறி, ‘இன்னும் யோசிக்கிறேன்’ என்று டெல்லி வீட்டில் மாட்டிப் பார்க்க யாருக்காவது கொடுத்திருந்தால், அவரிடம் ஜூன் கடைசி வாரத்தில் ஒரு போன் போட வேண்டும்.